முகம் மட்டும் மதாமுடையது

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் நின்றுகொண்டு, "என்ன கைகள், அப்பப்பா, என்ன கைகள்!" என்று யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மடித்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கேட்பேன்.

"யாரோட கைன்னு தெரியுமா உனக்கு?"

"மதாம் மொந்தாலேயோட கை. கீழ பேரே போட்டிருக்கே."

பேர் போட்டிருக்கிறதாம்! பேர் போட்டவனை எனக்குத் தெரியாதா? இரண்டு குளிர்காலம் எங்கள் சூப்பைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டவன்.

அவை அப்போலினின் கைகள். அந்தக் கழுத்து அவளுடையது, அந்தத் தோள் அவளுடையது, சோபாவில் சரிந்து கிடக்கிற செரிச் சிவப்புச் சால்வையும் அவளுடையது. முகம் மட்டும் மதாமுடையது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பழந்துணிக்காரி பேச்சை யார் நம்புவார்கள்? நீங்களாவது கேளுங்கள்.

சந்தைத் தூண்களுக்குக் கீழே என் கடை. அதற்கு மேல்மாடியில் ஓர் அறையில் அப்போலின் குடியிருந்தாள். இஸ்திரி வேலை. மெல்லிய மஸ்லின் துணி என்றால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளிடம்தான் கொடுப்பார்கள். அதிகம் பேச மாட்டாள், சிரித்தால் வாய் நிறையச் சிரிப்பாள், யார் எதைச் சொன்னாலும் நம்புவாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான். பிடித்த குணமும் அதுதான்.

அவள் புருஷன் மத்துரேன் கல் உடைக்கிறவன். எகிப்துக்குப் படை புறப்பட்டபோது இவனையும் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது இவள் பிள்ளைத்தாய்ச்சி. பெண் பிறந்து, நானெத் என்று பேர் வைத்து, அது நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, அப்பா எங்கே என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டது. மத்துரேனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இந்த ஊர் எதை உடுத்தியது, எப்போது கழற்றி எறிந்தது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். என் சிறு வயதில் பெரிய வீட்டுப் பெண்கள் கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவார்கள். பாவாடைக்குள் அவ்வளவு பெரிய கூடு. மூச்சு முட்ட இடுப்பைக் கட்டிக்கொண்டு, நாங்கள் ரொட்டிக்கு மாவில்லாமல் நின்ற நாளில் தலைமுடியில் மாவைக் கொட்டிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு புரட்சி வந்து தலைகளே போயின. அந்தப் பட்டுப் பாவாடைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக என் கடைக்கு வந்தன. கழுத்துப் பக்கம் கறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். அதெல்லாம் ஓய்ந்தபிறகு திடீரென்று எல்லோருக்கும் பழைய கிரேக்கச் சிலை மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்தது. வெள்ளை மஸ்லினில் ஒரு நீளச் சட்டை, மார்புக்குக் கீழே ஒரு நாடா, கை முழுக்கத் திறந்து. சிலைக்குக் குளிராது. இவர்களுக்குக் குளிர்ந்தது. இருமி இருமிச் செத்தவர்கள்கூட உண்டு. அதனால்தான் காஷ்மீர் சால்வைக்கு அப்படி ஓர் அடிதடி. சால்வை வாங்கித் தரவில்லை என்று புருஷனோடு பேச்சை நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும்.

எகிப்திலிருந்து படை திரும்பி வந்த வருஷம், ஒற்றைக் கைச் சிப்பாய் ஒருவன் என் கடை வாசலில் வந்து நின்றான்.

"மத்துரேன் பெண்சாதி வீடு எது?"

அவன் கேட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மாடியிலிருந்து அப்போலினைக் கூப்பிட்டேன். அவன் பேச்சை வளர்க்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்றான். பிறகு ரொட்டிப் பையை அவிழ்த்து, உள்ளேயிருந்து அந்தச் சால்வையை எடுத்தான். என் ஆயுசில் எத்தனையோ துணி பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. கரை இரண்டிலும் நுனி வளைந்த பூங்கொத்து. அவ்வளவு பெரிய துணி, கையில் எடுத்தால் கனமே இல்லை.

"கெய்ரோவுல வாங்கினான். பொண்ணு பிறந்திருந்தா அவ கல்யாணத்துக்கு, பையன்னா உனக்கு. அப்படித்தான் சொல்லிக் கொடுத்தான்."

"பொண்ணுதான்" என்றாள் அப்போலின்.

அவன் ஒரு கிண்ணம் ஒயின் குடித்துவிட்டு எங்கோ தெற்கே தன் மலைநாட்டுக்குப் போனான். அப்புறம் அவனைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. அப்போலின் சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டு அன்று பகல் முழுக்க என் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மத்துரேனுக்குக் கல்லறைகூட இல்லை. அவனிடமிருந்து அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மிஞ்சியது அந்தத் துணி ஒன்றுதான்.

இனி அந்தப் படம் வரைந்தவன் கதைக்கு வருகிறேன். வாலெரான். நார்மண்டிக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி. அப்போதெல்லாம் லூவர் அரண்மனையில் ராஜா இல்லாத அறைகளில் ஓவியர்கள் குடியிருந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் அடுப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், கொடியில் துணி காயும். அங்கே ஒரு மூலையில் இவனும் இருந்தான். படத்துக்கு வேண்டிய பழைய உடைகளை வாடகைக்கு எடுக்க என் கடைக்கு வருவான். வந்தால் அடுப்பைப் பார்ப்பான், சட்டியைப் பார்ப்பான், அப்புறம்தான் துணியைப் பார்ப்பான்.

"உக்காருடா. குடிச்சிட்டுப் பேசு" என்பேன்.

"கோத்ரியம்மா, நீங்க மட்டும் இல்லேன்னா நான் வரையறதுக்குப் பதிலா சுவத்துச் சுண்ணாம்பைத்தான் தின்னணும்."

இப்படி வாய் இனிக்கப் பேசுவான். நானெத் அவன் மடியில்தான் உட்காரும். அவன் கரண்டியிலிருந்து அதுவும், அதன் கரண்டியிலிருந்து அவனும் குடிப்பார்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்போலின் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இஸ்திரி போடும்போது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி விட்டிருப்பாள், அப்படியே வந்தாள். அவன் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டான்.

"அப்போலின், அப்படியே நில்லு. அசையாதே. தயவுசெஞ்சு அசையாதே."

"என்ன முசியே, பூரான் கீரான் ஏறுதா?"

"உன்னை வரையணும். இந்தச் சால்வையோட."

"என்னையா? என்னை எதுக்கு? நான் என்ன சீமாட்டியா?"

"சிப்பாயோட விதவைன்னு பேர் போட்டு வரையறேன். பொருட்காட்சியில வைக்கறேன். ஊரே பார்க்கட்டும். உன் பொண்ணு பெரியவளாகி, எங்க அப்பா கொடுத்த சால்வையில எங்க அம்மான்னு காட்டட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். நானும்தான் விழுந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அசட்டுக் கிழவி.

குளிர்காலம் முடியும்வரை உட்கார்ந்தாள். காலையில் இஸ்திரி, மதியம் வெளிச்சம் இருக்கிறவரை அவன் அறையில். என் கடையிலிருந்த வெள்ளை மஸ்லின் உடை ஒன்றைக் கொடுத்தேன். மடிப்புகள் சிலையில் இருக்கிற மாதிரி உடம்போடு ஒட்ட வேண்டுமாம். அதற்காக அந்தப் பாவி துணியைத் தண்ணீரில் நனைத்து உடுத்தச் சொல்வான். பிப்ரவரி மாதத்தில்! துணைக்குப் போய் மூலையில் உட்கார்ந்திருந்த நான் கத்தினேன்.

"அடேய், அவளைக் கொன்னுடாதே. அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கு."

"இதோ ஆச்சு, கோத்ரியம்மா. இந்த ஒரு மடிப்புத்தான்."

நடுக்கம் தாங்காமல் ஒருநாள் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றபோது ஒரு பொறி தெறித்துச் சால்வையின் ஓரத்தில் விழுந்தது. பட்டாணி அளவு ஓட்டை. ஆயிரம் துணியைப் பொசுக்காமல் இஸ்திரி போட்டவள், தன் துணி பொசுங்கியதைப் பார்த்து என்ன அழுகை அழுதாள்! என்னிடமிருந்த சிவப்பு நூல்களில் நெருங்கின நிறமாகப் பார்த்து எடுத்துப் போய்த் தைத்தாள். நிறம் ஒரு சாயல் கூடுதல்தான். தெரிந்து பார்த்தால் தெரியும். அந்த இடத்தை அவன் மடிப்புக்குள் மறைத்து வரைந்தான்.

முகத்தையும் வரைந்தான். இந்தக் கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிய மூக்கு, நெற்றியில் விழுகிற முடி, எல்லாம் அவள்தான். இன்னும் சோபாவும் சால்வையில் கொஞ்சமும் பாக்கி இருக்கிறது, சால்வை விழுந்திருக்கிற வாகு கலையக் கூடாது, ஊசி குத்தி வைத்திருக்கிறேன், இங்கேயே இருக்கட்டும் என்றான். அவளும் விட்டுவிட்டு வந்தாள். கோடை முடியும்போது மடித்துக் கொண்டுவந்து பத்திரமாகக் கொடுத்தான். பொருட்காட்சிக்கு வாருங்கள் என்றான். அவன் முகத்தில் அன்று ஏதோ சரியில்லை. சூப்பு வேண்டாம் என்றான். அவன் சூப்பு வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்போலின் புதுக் குல்லாய் போட்டிருந்தாள். நானெத்தைத் தூக்கிக்கொண்டோம். லூவரின் பெரிய கூடத்தில் சுவர் தெரியாமல் மேலிருந்து கீழ்வரை படங்கள், கூட்டமான கூட்டம். ஒரு இடத்தில் மட்டும் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் முழங்கையால் இடித்து வழி பண்ணினேன்.

நானெத்தான் முதலில் கத்தினாள். "அம்மா கை! அம்மா சால்வை!" பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள். "அம்மா மூஞ்சி எங்க?"

அப்போலினின் கழுத்துக்கு மேலே யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வாய், உருண்டை முகம், நெற்றியில் சுருள் சுருளாக முடி. கீழே மதாம் மொந்தாலே என்று போட்டிருந்தது. அந்த அம்மாளை யாருக்குத் தெரியாது? அவள் புருஷன் படைக்குப் பூட்ஸ் சப்ளை செய்து பணக்காரன் ஆனவன். மழை பெய்தால் கரைகிற அட்டை பூட்ஸ். மத்துரேன் அதைத்தான் மாட்டிக்கொண்டு போனான்.

"இந்தக் கைகளைப் பாருங்க" என்று பக்கத்தில் ஒருத்தர் பெண்சாதியிடம் சொன்னார். "பிரபு வம்சம்னா அப்படித்தான், கையிலயே தெரியும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போலின் புதுக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலமே அவன் வந்தான், கையில் ஒரு கேக்கோடு. மதாம் ஒருநாள் அறைக்கு வந்து பார்த்தாளாம், இந்தப் படம்தான் வேண்டும் என்றாளாம், முகத்தைச் சுரண்டிவிட்டுத் தன் முகத்தைப் போடச் சொன்னாளாம். எல்லா ஓவியர்களும் செய்வதுதானாம். பெரிய இடத்துப் பெண்கள் முகத்துக்கு மட்டும்தான் உட்காருவார்களாம், மற்றதற்கெல்லாம் யாராவது ஒரு பெண்.

"அப்ப நான் யாராவது ஒரு பெண்ணா?" என்று கேட்டாள் அப்போலின்.

"உன்னைத் தனியா வரையறேன், அப்போலின். சத்தியமா. இதைவிடப் பெரிசா."

"கேக்கை எடுத்துக்கிட்டு வெளிய போடா" என்றேன் நான்.

ஆனால் அவள் மன்னித்துவிட்டாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. "முகம் போனாப் போகுதுக்கா. பாவம், அவரும் பிழைக்கணும். சால்வை என்கிட்டதானே இருக்கு" என்றாள். கேக்கை வெட்டி அவனுக்கே முதல் துண்டைக் கொடுத்தாள்.

நவம்பர் பிறந்தது. புரட்சியில் மூடிய கோயில்களின் மணிகள் மறுபடி அடிக்க ஆரம்பித்த வருஷம் அது. கல்லறைத் திருநாளுக்கு மத்துரேன் ஆத்துமாவுக்காகப் பூசை காண வேண்டும் என்று அப்போலின் முதல் தடவையாக அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் கூடப் போனேன். பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது, கையுறை விற்கிற ஒருத்தி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், நில்லு. இது யாரோட சால்வை?"

"என்னோடது."

"உன்னோடதா? இஸ்திரிக்காரிக்குக் காஷ்மீர் சால்வை கேக்குதா? எனக்குக் கண்ணு இருக்குடி. படத்துல பார்த்தேன், ரெண்டாந்தடவையும் போய்ப் பார்த்தேன். இந்தப் பூ, இந்தக் கரை, அப்படியே இருக்கு. மொந்தாலே அம்மாவோடது!"

"ஆமா ஆமா, அதுதான்!" என்றது கூட்டம். அவர்களும் படத்தைப் பார்த்தவர்கள்தானே. ஊரே பார்த்த படம். ஊரே சாட்சி. அப்போலின் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்ததையே திருட்டுக்கு அடையாளம் என்றார்கள். காவலன் வந்தான்.

போலீஸ் அதிகாரியிடம் நான்தான் பேசினேன். சிப்பாய் வந்தது, ரொட்டிப் பை, எல்லாம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு என்ன தொழில்?"

"பழந்துணி வியாபாரம்."

"அதான பார்த்தேன்" என்று சிரித்தார். திருட்டுத் துணி எல்லாம் எங்கள் கடைகளில்தான் விழும் என்பது இந்த ஊர்ப் போலீஸின் வேதவாக்கு. நான் பேசப் பேச அப்போலினுக்குக் கேடுதான் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் கூட்டு என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, ஓரத்துல ஒரு தையல் இருக்கும் பாருங்க" என்றாள் அப்போலின். "பொறி விழுந்த ஓட்டை. நான் தைச்சது. என்னோடது இல்லேன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தேடிப் பார்த்தார். இருந்தது.

"ஓகோ. திருடினது பத்தாதுன்னு எரிச்சு வேற வச்சிருக்கியா?"

அன்று அவளை அங்கேயே அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் மதாம் மொந்தாலே வந்தாள். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மார்புக்குக் கீழே நாடா கட்டிய வெள்ளை உடை, முழங்கைக்கு மேலே வரை ஏறிய நீளக் கையுறை. படம் வைத்த நாளிலிருந்து அந்த அம்மாள் கையுறை இல்லாமல் வெளியே வருவதே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊரே புகழ்ந்த கைகளை ஊருக்குக் காட்ட முடியுமா? அவளைப் பார்த்துவிட்டு மற்றச் சீமாட்டிகளும் நீளக் கையுறை மாட்ட ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் நாகரிகம் இப்படித்தான் பிறக்கிறது.

அதிகாரி சால்வையை நீட்டினார். அவள் விரல் நுனியால் தொட்டாள். புதுத்துணியைத் தொடுகிற தொடல் அது. எனக்கா தெரியாது? என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடுவார்கள். ஆனால் படத்தில் இருக்கிற சால்வை எங்கே எங்கே என்று அவள் சிநேகிதிகள் கேட்டுக் கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். பூச்சி அரிக்கும் என்று பூட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். இப்போது அது தானே கைக்கு வருகிறது.

"என்னோடதுதான்" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஜெனரல் கொடுத்தது. படத்துலயே இருக்கே."

அப்போலின் கோபப்படக்கூட இல்லை. "ஐயா, படம் வரைஞ்சவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

அவனுக்கும் ஆள் போயிருந்தது. கதவு திறந்து வாலெரான் உள்ளே வந்தான். அப்போலின் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "வந்துட்டாருக்கா. இனி கவலையில்ல" என்றாள். அந்த முகம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

"நீங்க வரைஞ்ச சால்வை யாரோடது?" என்று அதிகாரி கேட்டார்.

அவன் தொப்பியை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தான். மதாமைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். எங்கள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"மதாமோடது."

"இந்தப் பொண்ணைத் தெரியுமா?"

"தெரியும். என் அறையைப் பெருக்கித் துடைக்க வருவா. சால்வை அங்கதான் கிடந்தது."

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தான். கழுத்து அறுபடுவதை நிறையப் பார்த்த ஊர்தான் இது. ஆனால் அப்போதுகூடக் கத்தியை மேலே தூக்கி வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் தெரிந்தது. இவன் தொப்பியைச் சுற்றிக்கொண்டே செய்துவிட்டான்.

"முசியே வாலெரான்" என்றாள் அப்போலின், மெல்ல, ஏதோ அவனுக்கு ஞாபகம் தவறிவிட்டது போல. "நானெத் உங்க மடியிலதானே உக்காந்து குடிப்பா."

அவன் போகலாமா என்று அதிகாரியிடம் கேட்டான். போய்விட்டான்.

அப்புறம் மதாம் பேசினாள். "பாவம், விதவைன்னு சொல்றாங்க. குழந்தை வேற இருக்காம். ஜெயிலெல்லாம் வேணாம். சால்வை கிடைச்சிடுச்சு, எனக்கு அது போதும். என்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கட்டும், விட்டுடலாம்."

"பார்த்தியா, எவ்வளவு பெரிய மனசு!" என்றார் அதிகாரி. "கேக்க மாட்டேன்னா நேரா ஜெயில்தான். பிள்ளை அனாதை விடுதிக்குப் போகும். யோசிச்சுக்க."

அனாதை விடுதிக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை திரும்பி வரும் என்று எங்களுக்குத் தெரியும். அப்போலினுக்கும் தெரியும். மதாம் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் எடுத்தேன். மன்னிச்சுடுங்கம்மா."

"என்ன எடுத்தே? சத்தமா சொல்லு."

"உங்க சால்வையை."

மதாம் கையுறை போட்ட கையை நீட்டினாள். அப்போலின் குனிந்து முத்தமிட்டாள். தன் பொருளைத் தானே திருடிவிட்டு, திருடியவளிடமே மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நவம்பர் குளிரில் தோள் திறந்தே இருந்தது. என் போர்வையைக் கொடுத்தேன், வாங்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? மறுநாள் லூவர் மாடிப்படியில் அவனை மறித்துக்கொண்டேன்.

"ஏன்டா? அவ உனக்கு என்ன கெடுதல் பண்ணினா? வாயைத் திறந்து ஒரு உண்மை சொல்லியிருந்தா உன் நாக்கு அழுகிடுமா?"

"கோத்ரியம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கங்க. சால்வை அவளோடதுன்னு சொன்னா, உக்காந்தது அவன்னு தெரியும். கை மதாமோடது இல்லேன்னு தெரியும். படமே பொய்யின்னு ஆயிடும். அப்புறம் எந்த வீட்டுல என்னைக் கூப்பிடுவாங்க?"

"படம் பொய்தானேடா?"

"படத்துல பொய்யே இல்ல" என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் வரைஞ்சதுலயே அதுதான் நிஜம். பேர் மட்டும்தான் பொய்."

அந்தக் கண்ணீரைப் பார்த்து இரங்கிவிடுவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. அந்தப் படியிலேயே காறித் துப்பிவிட்டு இறங்கினேன். இப்போது அவன் பெரிய ஆள். வண்டியில்தான் போகிறான். தொப்பை போட்டுவிட்டது.

அப்போலின் நிலைமை என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? திருடியென்று தானே ஒப்புக்கொண்டவளிடம் யார் மஸ்லினைக் கொடுப்பார்கள்? விலை உயர்ந்த துணி எதுவும் அவளிடம் வரவில்லை. சத்திரத்துப் படுக்கை விரிப்புகளையும் கறிக்கடைக்காரன் மேல்துணியையும் துவைத்து இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். கைகள் தடித்துப் போயின. படத்தில் மட்டும் அவை அப்படியே இருந்தன. நானெத்தைத் தெருப்பிள்ளைகள் "சால்வைக்காரி மகளே, என் கைக்குட்டையைக் காணோம், பார்த்தியா?" என்று சீண்டுவார்கள். அது அடித்துவிட்டு வரும், அடி வாங்கிக்கொண்டும் வரும். அம்மாவிடம் மட்டும் ஒன்றும் கேட்காது.

நானெத்துக்கு ஏழெட்டு வயதாகும்போது, ஒரு காலையில் மதாம் மொந்தாலே வீட்டு வேலைக்காரி கிளெமான்ஸ் ஒரு மூட்டையோடு என் கடைக்கு வந்தாள். எஜமானி கழித்துக் கட்டிய துணிகள் வேலைக்காரிக்குத்தான் சொந்தம், அதை எங்களிடம் கொண்டுவந்து போடுவார்கள். அதுதான் வழக்கம். மூட்டையைப் பிரித்தேன். பழைய மேலாடைகளுக்கு அடியில் அந்தச் செரிச் சிவப்பு.

"இதை ஏன் கழிச்சுட்டாங்க?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் கரை இவ்வளவு அகலமா வருது, அதை வாங்கிட்டாங்க. இது பழசு. ஓரத்துல தையல் வேற" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "சொன்னா சிரிப்பீங்க கோத்ரியம்மா. இதை அவங்க ரெண்டு தடவைகூடப் போர்த்தல. போர்த்தினா உடம்பு அரிக்குதாம்."

நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் வைக்காமல் மாடி ஏறினேன்.

அப்போலின் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நானெத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சால்வையை மேசையில் விரித்தேன். அப்போலின் இஸ்திரிப் பெட்டியை அடுப்போரத்தில் வைத்தாள். பூவைப் பார்க்கவில்லை, கரையைப் பார்க்கவில்லை, நேராக ஓரத்தைப் பிடித்துத் தையலைத் தேடினாள். விரல் அதன்மேல் நின்றது.

"வேணாம்க்கா" என்றாள். "எடுத்துட்டுப் போயிடு."

"உன்னோடதுடி! மத்துரேன் உனக்கு அனுப்பினது. உன் பொண்ணுக்கு அனுப்பினது."

"அவங்களோடதுன்னு நான்தானே சொன்னேன். நாலு பேர் கேட்கச் சொன்னேன். இப்ப இது என் வீட்டுல இருந்தா என்ன அர்த்தம்?"

"எந்த நாய் என்ன சொன்னா உனக்கென்ன? கடையில நான் வாங்கினது. நான் கொடுக்கறேன்."

"பழந்துணிக்காரி கொடுத்தான்னு சொன்னா நம்புவாங்களா?"

இந்தப் பெண் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவளாக இருந்தாள். ஊர் அவளை எதையும் நம்பாதவளாக ஆக்கிவிட்டது. அந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையிலும் ஆள் இல்லை.

சொல்லிவிட்டாளே ஒழிய, கையை எடுக்கவில்லை. அந்தத் தடித்த கையால் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல எடுத்து, முகத்தில் வைத்து, சிப்பாய் வந்த அன்று பார்த்தது போலவே முகர்ந்து பார்த்தாள். மதாம் வீட்டு வாசனைத் தண்ணீர் நாற்றம்தான் வந்திருக்கும். அப்படியும் தோளில் போட்டுக்கொண்டாள்.

நானெத் பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஜூலை மாதம், அறையில் இஸ்திரி அடுப்பு வேறு எரிகிறது. அந்தப் பிள்ளை போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியது. எம்பிக் கதவுக்குத் தாழ் போட்டது. தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தது. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து பட்டாணி உரித்தது.

அந்த அதிகாரி முன்னால் நான் அழவில்லை. லூவர் படியில் வாலெரான் முன்னாலும் அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.